மூடியைத் தேட வேண்டாம், குழாய் போகும் வழியைத் தேடுங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். மாமனார் 1964-ல் கட்டிய வீடு, கிழக்கே தெரு. கீழே இவர்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். 1991-ல் பாகப்பிரிவினை நடந்தபோது அதே மனையில் தெற்கே இருந்த சின்ன வீடு கொழுந்தனாருக்குப் போனது, நடுவில் உள்ள நாலடிச் சந்தும் அவர் பங்கில் சேர்ந்துவிட்டது. இவர்களுடைய கழிவறையும் குளியலறையும் பின்பக்கம், அந்தச் சந்தை ஒட்டிய மூலையில். சமையலறை வடக்குப் பக்கம். பின்னால் திறந்தவெளியாக இருந்த இடத்தை 2003-ல் கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, துணி துவைக்கும் இடமாக்கிவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு முன்வாசலை ஒன்றரை அடி உயர்த்தி பேவர் கல் பதித்திருக்கிறார்கள். இப்போது சில மாதங்களாக, மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் கீழே குளியலறை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. சமையலறை சிங்க்கில் ஒரு தொந்தரவும் இல்லை.

வந்த முதல் பிளம்பர், "சேம்பர் எங்கேன்னு தெரியலை, ஹாலை உடைச்சாதான் உண்டு" என்றிருக்கிறார். (சேம்பர் என்பது அடைப்பெடுக்க வசதியாகக் கழிவுநீர்க் குழாயின் வழியில் தரைக்குள் கட்டி, மேலே மூடி போட்ட சின்னத் தொட்டி.) இரண்டாவது ஆள் பின்பக்க டைல்ஸைத் தட்டிப் பார்த்து, "இங்கதான் இருக்கு, உடைச்சு ஒரு ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்" என்கிறார். மகன் ஆசிட் ஊற்றலாம் என்கிறான். மெட்ரோ வாட்டரில் கேட்டால் வீட்டு வரைபடம் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். குழாய் ஒருவேளை சந்துக்குள் போனால், பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தனாரிடம் எப்படிப் போய் நிற்பது, சந்தை உடைக்க நமக்கு உரிமை உண்டா என்பது வாசகியின் கடைசிக் கேள்வி. விஷயம் தெரிந்த மாமனார் இன்று இல்லை. ஆரம்பத்தில் செப்டிக் டேங்க் இருந்தது, தெருச் சாக்கடை இணைப்பு பிறகுதான் வந்தது என்று மாமியார் சொல்லிக் கேட்டதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி முக்கியமானது, பிறகு வருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று: ஹாலை உடைக்கச் சொன்னவரை இப்போதைக்கு அனுப்பிவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் உடைப்பது என்பது வேலை தெரியாதவர் சொல்லும் யோசனை. அந்தக் காலத்தில் மலக்குழாயை ஹாலுக்கு அடியில் கொண்டுபோவதை எந்த மேஸ்திரியும் விரும்பியதில்லை. பின்பக்கம் கழிவறை, முன்பக்கம் தெரு என்றால் குழாய் வீட்டின் பக்கவாட்டில், சுவரை ஒட்டித் திறந்தவெளியில் ஓடும். உங்கள் வீட்டில் அந்தத் திறந்தவெளி அன்றைக்கு யாருடைய பங்கும் இல்லாத அந்தச் சந்து. எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் சந்தின் மேல்தான் கட்டுவேன்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயம்: சமையலறையில் தொந்தரவு இல்லை. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வடக்கே ஓடும் சமையலறைக் குழாயும், தெற்கே ஓடும் கழிவறைக் குழாயும் முன்பக்கம் ஏதோ ஓரிடத்தில் சேர்ந்து தெருவுக்குப் போயாக வேண்டும். சேர்ந்த பிறகு அடைப்பு இருந்தால் சமையலறையும் சேர்ந்தே எதிர்த்திருக்கும். அது ஒழுங்காகப் போகிறது என்றால் சேருமிடத்திலிருந்து தெரு வரை சுத்தமாக இருக்கிறது, அடைப்பு பின்மூலைக்கும் முன்பக்கத்துக்கும் இடையில் தெற்கு வரியில், அதாவது தெற்கே ஓடும் குழாயில்தான் என்று ஆகிறது. ஒரு சந்தேகம் மட்டும் தீர வேண்டும். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரைத் தனியாகத் தோட்டத்துக்கோ தெரு ஓர மழைநீர்க் கால்வாய்க்கோ விட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படியா என்று பார்க்க, சிங்க்கில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து ஊற்றிவிட்டு, தெரு மேன்ஹோலில் நீலம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மூடியை நீங்களோ உங்கள் மகனோ திறக்க வேண்டாம். மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணிலோ 044-4567 4567 எண்ணிலோ அடைப்பு என்று புகார் கொடுத்தால் ஆட்கள் வந்து எப்படியும் மேன்ஹோலைத் திறந்துதான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீலத்தை ஊற்றுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு மேன்ஹோலுக்குள் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஆழத்தில் வந்து விழுகிறது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிக நல்ல தகவல் அது.

வரைபடம் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியாக வராது. மெட்ரோ வாட்டர் வாரியம் 1978-ல்தான் ஆரம்பித்தது, அதற்கு முன் சாக்கடை மாநகராட்சி கையில் இருந்தது. வாரியத்திடம் இருப்பது தெருக் குழாய்களின் விவரம். காம்பவுண்டுக்குள்ளே குழாய் எப்படி வளைகிறது என்பது அவர்கள் பொறுப்பும் இல்லை, அதை அவர்கள் வரைந்து வைப்பதும் இல்லை. தேட வேண்டிய இடம் உங்கள் வீட்டு பீரோ. மாமனார் கட்டிட அனுமதி வாங்கிய பழைய நீலநிற பிளான் பத்திரக் கட்டுக்குள் மடித்துக் கிடக்கலாம், அதில் செப்டிக் டேங்க் இருந்த இடமாவது குறித்திருக்கும். வீட்டை வைத்து எப்போதாவது வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பிலும் ஒரு நகல் இருக்கும். அப்புறம், உங்கள் தெருவில் அதே காலத்தில், ஒருவேளை அதே மேஸ்திரி கட்டிய இன்னொரு வீடு இருந்தால் அங்கே சேம்பர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பழக்கதோஷத்தில் ஒரே மாதிரிதான் போட்டிருப்பார்கள்.

கண்முன்னே நிற்கும் தடயங்கள்

சேம்பர் என்பது குழாய் பாதையில் எங்கோ ஒரு இடத்தில் வைத்த பெட்டி இல்லை. குழாய் திரும்பும் இடம், இன்னொரு குழாய் வந்து சேரும் இடம், சரிவு மாறும் இடம், வெளியேறுவதற்கு முந்தைய இடம், இவற்றில்தான் கட்டுவார்கள், ஏனென்றால் அடைப்பெடுக்க உள்ளே விடும் குச்சியோ ராடோ நேராகத்தான் போகும், வளைவில் போகாது. அதனால் மூடியைத் தேடி அலையாமல் குழாயின் வழியை ஒரு தாளில் வரையுங்கள், அது எங்கெல்லாம் திரும்பியாக வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு கட்டம் போடுங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நான் வரைந்ததில் மூன்று கட்டங்கள் வருகின்றன: மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் பின்மூலையில் ஒன்று, சந்தின் முன்முனையில், குழாய் உங்கள் வாசல் பக்கம் திரும்பும் இடத்தில் ஒன்று, வடக்கு வரியும் தெற்கு வரியும் சேர்ந்து தெருவுக்கு வெளியேறும் இடத்தில், காம்பவுண்டுச் சுவருக்கு உள்பக்கம் ஒன்று. பின்னிரண்டும் ஒன்றாகவே இருக்கவும் வாய்ப்புண்டு.

இப்போது வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். மாடியிலிருந்து இறங்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாயின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஓர் அடி இரண்டடி உயரத்தில், போல்ட் போட்ட சின்னக் கதவு மாதிரித் தகடு இருக்கிறதா? பிளம்பர்கள் டோர் பெண்ட், டோர் டீ என்பார்கள். ஐந்தாறு தடவை பெயின்ட் அடித்ததில் அது இருப்பதே தெரியாமல் போயிருக்கும், சுண்டிப் பார்த்தால் போல்ட் தலை தட்டுப்படும். அதுவும் உள்ளே நுழைய ஒரு வழிதான். எல்லோரும் தரையில் மூடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது வழி சுவரில் நின்றுகொண்டிருக்கும். அதைத் திறந்து ராடு விட முடிந்தால் தரையில் ஒரு கல்லைக்கூட எடுக்காமல் வேலை முடியலாம். திறக்கும்போது தேங்கிய தண்ணீர் மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் தளர்த்தி, மெதுவாக வடியவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

அடுத்த தடயம் முன்பக்கம். சில பழைய வீடுகளில் காம்பவுண்டுச் சுவர் ஓரம் முழங்கால் உயரத்துக்கு, வாயில் சின்னத் தகடோ கம்பி வலையோ வைத்த ஒரு குட்டைக் குழாய் நிற்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது, சைக்கிள் சாய்த்து வைப்பார்கள். அது தெருச் சாக்கடையின் வாடை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கடைசி சேம்பருக்குக் காற்று போகும் குழாய். அது இருந்தால் சேம்பர் அதன் காலடியில்தான். தெருவை உயர்த்தி உங்கள் வாசலையும் உயர்த்தியபோது அதை வெட்டி மூடியிருக்கலாம், பழைய போட்டோக்களில் தேடுங்கள். கல்யாண ஆல்பத்தில் வாசலில் நின்று எடுத்த படம் ஒன்று நிச்சயம் இருக்கும், ஆட்களை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள்.

வடக்கே சமையலறைக்கு வெளியே ஜாலி போட்ட சின்னத் தொட்டி, அதாவது கல்லி ட்ராப், இருந்தால் அதுவும் ஒரு புள்ளி. அங்கிருந்து குழாய் நேராக முன்னுக்குத்தான் ஓடும்.

முன்வாசலில்தான் ஆரம்பிக்க வேண்டும்

மூன்று இடங்களில் எதை முதலில் திறப்பது? என் யோசனை முன்பக்கத்தை. காரணங்கள் எளிமையானவை: அது உங்கள் சொந்த இடம், பேவர் கல்லை உடைக்காமல் நெம்பி எடுத்து மறுபடி பதிக்கலாம், அடைப்புக்குக் கீழ்ப்பக்கம் என்பதால் அந்த சேம்பர் காலியாக இருக்கும், திறந்ததும் முகத்தில் அடிக்காது. அங்கிருந்து மெஷின் ராடை, அதாவது மோட்டாரில் சுழலும் நீண்ட கம்பியை, தெற்கு வரிக்குள் பின்னோக்கி விட்டால் அடைப்பு உடையலாம், சந்தையே தொட வேண்டியிருக்காது.

ஆனால் அங்கே தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூடி இருப்பது பழைய தரைமட்டத்தில், அதன்மேல் ஒன்றரை அடி மண்ணையும் கிராவலையும் போட்டுவிட்டீர்கள். சென்னையில் பாதி வீடுகளின் கதை இது. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, வெள்ளத்துக்குப் பயந்து வாசலை உயர்த்துகிறோம், சேம்பரின் கழுத்தை மட்டும் கட்டி உயர்த்த யாருக்கும் தோன்றுவதில்லை. வார்ப்பிரும்பு மூடி என்றால் மெட்டல் டிடெக்டர் அந்த ஆழத்தில் காட்டிக்கொடுக்கும், பெரிய பிளம்பிங் கான்ட்ராக்டர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கடப்பா கல்லால் மூடியிருந்தால் டிடெக்டர் ஊமையாகிவிடும். அப்போது இருப்பதிலேயே பழைய முறை: சந்தேகப்படும் இடத்தில் ஒரு பேவர் கல்லை எடுத்துவிட்டு மெல்லிய இரும்புக் கம்பியை மெதுவாக இறக்கிப் பார்ப்பது. மண்ணில் இறங்கிக்கொண்டே போகும், மூடியில் சட்டென்று நின்று 'ணங்' என்கும். அரை அடிக்கு ஒன்றாக நாலைந்து இடத்தில் குத்தினால் மூடியின் ஓரங்களே தெரிந்துவிடும்.

கம்பியை இறக்குவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மின்வாரியத்தின் தரையடிக் கேபிள் எந்தப் பக்கமாக மீட்டருக்கு வருகிறது, மெட்ரோ வாட்டர் குடிநீர்க் குழாய் எங்கே, உங்கள் சம்ப் எங்கே. கேபிள் வழி தெரியாமல் ஒரு கம்பியைக்கூட இறக்கக் கூடாது. சம்ப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தப் பகுதியில் முன்வாசலில் சம்ப் இல்லாத வீடு குறைவு. பழைய செங்கல் சேம்பர் உள்ளே காரை பெயர்ந்து கசிந்துகொண்டிருந்து, பக்கத்திலேயே சம்ப் இருந்தால், குளியலறையில் வரும் கறுப்புத் தண்ணீரைவிட அது பெரிய பிரச்சினை. சம்ப் தண்ணீரில் லேசாக வாடை வந்தாலும் குடிக்க, சமைக்க எடுப்பதை நிறுத்திவிட்டுச் சோதனைக்குக் கொடுங்கள்.

எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருக்கும் என்று பயப்படாதீர்கள். பழைய கணக்கு ஒன்று உண்டு, 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு, 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி. உங்கள் வீடு முன்னிருந்து பின்வரை 60 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். பின்மூலையில் குழாய் தரைக்குக் கீழ் ஒன்றரை அடியில் ஆரம்பித்து, 4 அங்குலமாக இருந்தால், முன்னால் வரும்போது பழைய தரையிலிருந்து 3 அடி ஆழத்தில் இருக்கும். நீங்கள் போட்ட ஒன்றரை அடியையும் சேர்த்தால் குழாயின் அடி நாலரை அடியில். ஆனால் நீங்கள் தேடுவது மூடியை, அது ஒன்றரை அடியிலேயே கிடைத்துவிடும்.

பின்பக்கம் கேட்ட 'தொம் தொம்'

இரண்டாவது பிளம்பர் தட்டிப் பார்த்து இங்கேதான் என்று சொன்ன இடம்தான் எனக்குக் கவலை. டைல்ஸைத் தட்டும்போது பொள்ளல் சத்தம் வருவதற்குக் காரணம் பல. கலவையை நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து ஒட்டிய டைல்ஸ் வீடு முழுக்கவே அப்படித்தான் சத்தம் போடும். அதனால் முதலில் ஹாலிலும் சமையலறையிலும் தட்டிப் பார்த்து வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால், சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் தரையில் கோடு போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டடிக்கு இரண்டடி என்று வந்தால் சேம்பராக இருக்கலாம். ஆறடிக்கு நாலடி என்று நீண்டால் அது உங்கள் மாமியார் சொன்ன பழைய செப்டிக் டேங்க்.

தெரு இணைப்பு வந்தபோது டேங்கைத் துண்டித்துவிட்டுக் குழாயை நேராகக் கொண்டுபோயிருப்பார்கள், டேங்கை மண் போட்டு நிரப்பியிருந்தால் நல்லது, பலர் நிரப்புவதில்லை. மூடிய சிலாப்பின் கம்பி உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், மேலே அம்மிக்கல்லும் வாஷிங் மெஷினும் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கடப்பாரை போட்டால் சிலாப்போடு ஆளும் உள்ளே போவார். எனவே அந்த எல்லை பெரிதாக வந்தால் யாரையும் அங்கே உடைக்க விடாதீர்கள், அதன்மேல் கனமான பொருள் இருந்தால் நகர்த்துங்கள், ஒரு கட்டிடப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். டேங்க்தான் என்று உறுதியானால், உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அடித்தளத்தில் துளை போட்டு மணலாலும் இடிசலாலும் நிரப்பிவிடுவதுதான் முறை. எல்லாமே மேலிருந்து செய்ய வேண்டிய வேலை.

எல்லை சின்னதாக வந்து, மாடிக்குழாயின் அடிக்கு அருகிலும் இருந்தால் சேம்பர்தான் என்று நம்பலாம். இரவு தெரு அடங்கிய பிறகு மாடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வையுங்கள். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் சரசரவென்று போகும், சேம்பருக்குள் விழும் தண்ணீர் சத்தம் அதைவிட விரிந்து கேட்கும்.

கேமரா எப்போது?

மேலே சொன்னதிலேயே கண்டுபிடித்துவிட்டால் கேமரா தேவையில்லை. இல்லையென்றால் டோர் டீ வழியாகவோ கழிவறைக் கோப்பையைக் கழற்றியோ குழாய்க் கேமராவை விடலாம். அழைக்கும்போது ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: கேமராத் தலையில் சிக்னல் அனுப்பும் கருவி இருக்கிறதா, மேலிருந்து அதைப் பிடிக்கும் ரிசீவர் உங்களிடம் இருக்கிறதா? பொதுவாக 512 ஹெர்ட்ஸ் என்பார்கள். அது இருந்தால் கேமரா எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைத் தரையில் சாக்பீஸ் புள்ளியாக வைத்துவிடலாம். அது இல்லாத வெறும் கேமரா உங்களுக்குச் சாக்கடைக்குள் ஒரு சினிமா காட்டும், அது எங்கே எடுத்த சினிமா என்று சொல்லாது. இன்னொன்று, தேங்கிய கறுப்புத் தண்ணீருக்குள் எந்தக் கேமராவுக்கும் கண் தெரியாது. முதலில் தண்ணீர் கொஞ்சமாவது வடிய வேண்டும்.

குழாயின் வழி உறுதியாகத் தெரிந்துவிட்டால் பழைய சேம்பரைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது. உங்கள் இடத்தில், வசதியான ஒரு புள்ளியில், குழாயை வெட்டி புதிதாக ஒரு சேம்பர் கட்டிக்கொள்ளலாம். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

ஆசிட்டும் வேண்டாம், ஆளும் இறங்க வேண்டாம்

மகனிடம் சொல்லுங்கள்: அந்தக் காலத்து ஸ்டோன்வேர் (பளபளப்புப் பூச்சுள்ள சுட்ட களிமண்) குழாய்கள் இரண்டடி நீளத் துண்டுகள், ஒவ்வொரு இணைப்பும் சணலும் சிமென்ட்டும் வைத்து அடைத்தது. குழாயின் பளபளப்பை ஆசிட் ஒன்றும் செய்யாது, இணைப்பின் சிமென்ட்டைத் தின்றுவிடும். அந்த இடைவெளியில் வேர் நுழையும், மண் உள்ளே வரும். அடைப்பு அப்படியே இருக்க, இன்னொரு அடைப்புக்கு வழி செய்து கொடுத்ததாக முடியும். யாராவது ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதன்மேல் ஆசிட் விழும்போது குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. ஒருவேளை ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்றால் வருகிற பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ராடு விடும்போது அது அவர் முகத்தில்தான் தெறிக்கும்.

ஆளை இறக்கும் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். சேம்பரோ டேங்கோ, பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "வேலைக்கு வந்தவர் தானாக இறங்கினார்" என்று வீட்டுக்காரர் சொல்லித் தப்ப முடியாது, அவரை அமர்த்தியது நீங்கள்தான். சட்டத்தை விடுங்கள், பல வருடம் மூடிக் கிடந்த குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பார்கள். அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் சாய்வார், அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். உங்கள் வீட்டு அடைப்புக்கு மெஷின் ராடும், வேண்டுமானால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட் வண்டியும் போதும்.

கொழுந்தனாரின் சந்து

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த வேலையில் இது அடிக்கடி வரும் என்பதால் அடிப்படையைச் சொல்கிறேன். சந்து அவருடையது என்பதால் உங்கள் குழாய்க்கு அங்கே இடமில்லை என்று அர்த்தமில்லை. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் உள்ள அனுபவ உரிமை) சட்டத்தின் 13-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது: கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒருவர் பங்கை அனுபவிக்க இன்னொருவர் பங்கின் மேல் தேவைப்படும் உரிமை அவருக்கு உண்டு. பழுது பார்ப்பதைப் பற்றி 24-ஆவது பிரிவு பேசுகிறது. இன்னொருவர் நிலத்தில் குழாய் வைத்திருக்க உரிமை உள்ளவர் அதைச் செப்பனிட உள்ளே போய்த் தோண்டலாம், ஆனால் தரையைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்று உதாரணத்தோடு சொல்கிறது. உங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து, தபசிலில் (சொத்து விவரப் பட்டியலில்) 'நடைபாதை, ஜலதாரை பாத்தியம்', அதாவது நடக்கவும் தண்ணீர் போகவும் உரிமை, என்பது போல ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சு சுலபம். எதிர்மாறாக, உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தால் வக்கீலிடம் காட்டாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காக அவர் ஊரில் இல்லாத நாளில் ஆட்களைக் கூட்டிப் போய்ச் சந்தை உடைக்கலாம் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். கூடாது. அவர் மறுத்தால் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கும் வழி இருக்கிறது, ஆனால் சாக்கடைத் தண்ணீர் வாய்தாவுக்குக் காத்திருக்காது. அதனால்தான் முன்வாசலில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அதோடு நீங்கள் யோசிக்காத ஒன்று: அவர் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? ஒரே மனையில் இருந்த வீடு, அன்றைக்கு ஒரே இணைப்புதான் வாங்கியிருப்பார்கள். அவருடைய குழாயும் அதே வரியில் சேர்ந்தால் இன்றைக்கு உங்கள் குளியலறையில் வருவது நாளைக்கு அவர் வீட்டிலும் வரும். உங்கள் தரை கொஞ்சம் தாழ்வாக இருப்பதால் முதலில் உங்களுக்கு வருகிறது, அவ்வளவுதான். பேசப் போகும்போது உரிமையைப் பேசாமல் இதைப் பேசுங்கள். நேரில் பேச முடியாவிட்டால் உங்கள் இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர் மூலமாக, எந்த இடத்தில், எத்தனை டைல்ஸ், எந்தத் தேதிக்குள் பழையபடி பதித்துக் கொடுப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். உடைப்பதற்கு முன் சந்தைப் போட்டோ எடுத்து அவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டால் பிற்பாடு சண்டை வராது.

அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, முன்பக்கத்திலிருந்து விட்ட ராடும் வேலை செய்யவில்லை, குழாய் நடுவில் நொறுங்கியிருக்கிறது என்ற நிலை வந்தால் கடைசி வழி, பழைய வரியைக் கைவிட்டு வடக்குப் பக்கமாக உங்கள் சொந்த இடத்தில் புதிய பி.வி.சி. குழாய் போடுவது. பின்மூலையிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் நீளம் கூடும், நீளம் கூடினால் சரிவுக்குத் தேவையான ஆழமும் கூடும், தெருக் குழாயின் மட்டத்துக்கு மேலே அது முடிகிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் காசைச் செலவழிக்க வேண்டும். மேன்ஹோலில் உங்கள் இணைப்பின் ஆழத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எந்த சேம்பர் கிடைத்தாலும் அதே கையோடு கழுத்தைக் கட்டி இன்றைய தரைமட்டத்துக்கு உயர்த்திவிடுங்கள். முன்வாசலில் பேவர் கல்லையே உள்ளே பதிக்கும்படியான தட்டு மூடிகள் கிடைக்கின்றன, பார்வைக்குத் தெரியாது, நெம்பினால் திறக்கும். பின்பக்கம் கூரைக்குள் வருவதால் அங்கே இரட்டை விளிம்பு வைத்த, கிரீஸ் தடவி மூடும் வாடைத்தடுப்பு மூடிதான் வேண்டும், சாதா மூடி போட்டால் கரப்பானும் நாற்றமும் குடியேறிவிடும். ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு நிலையான சுவர்களிலிருந்து தூரத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து, ஒரு நகலைப் பத்திரத்தோடும் இன்னொன்றை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் முன்வாசல் வேலையையாவது முடித்துவிடுங்கள், மழை வந்தபிறகு தெருச் சாக்கடையே நிரம்பி நிற்கும், உங்கள் அடைப்பா தெரு அடைப்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேலை நடக்கும் நாளன்று காலையிலிருந்து தண்ணீர் விட வேண்டாம் என்று மாடியில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். பிளம்பர் பின் சேம்பரைத் திறந்து குனிந்து பார்க்கிற அந்த நேரத்தில்தான் அவர்கள் மெஷினைப் போடுவார்கள்.